நூற்றியொரு ரூபாய்த் தீர்மானம்

ஜூலை 12, சனி

இது அறக்கட்டளையில் கொடுத்த டைரி. தினமும் வரவு செலவு எழுதச் சொன்னார்கள். ஒன்பது மாதம் எழுதிப் பார்த்துவிட்டேன். உளுந்து விலையை எழுத எழுத எனக்குத் தலைக்குள் சூடு ஏறுகிறது. இனிமேல் மனசில் பட்டதை எழுதப் போகிறேன். யாராவது கேட்டால் பேனா மை செலவு என்று சொல்லிக்கொள்கிறேன்.

முந்தாநாள் பத்தாவது தவணை கட்டியாயிற்று. இன்னும் இரண்டுதான். மாதம் ஆயிரம், பத்தாம் தேதிக்குள். பன்னிரண்டு மாதம் விடாமல் கட்டினால் அறக்கட்டளையும் தன் பங்குக்குப் பன்னிரண்டாயிரம் போடும். மாதம் இரண்டு வகுப்புக்கும் போக வேண்டும். ஒரு மாதம் தவறினாலும், ஒரு ரூபாய் குறைந்தாலும், அவர்கள் பங்கு கிடையாது. நம் காசை மட்டும் நம் கையில் கொடுத்து வழியனுப்பி விடுவார்கள்.

இருபத்து நாலாயிரத்துக்குப் பத்து லிட்டர் கிரைண்டர் பார்த்து வைத்திருக்கிறேன். என்னிடம் இருக்கிற இரண்டு லிட்டர் கிரைண்டர் இரண்டாவது ஈட்டுக்கே தொட முடியாமல் கொதிக்கிறது. பஸ் ஸ்டாண்டு மெஸ்காரர் தினமும் இருபது கிலோ மாவு கேட்கிறார். அந்தக் கிரைண்டர் வந்துவிட்டால் என் வீட்டுக்காரர் குமுளிக்கு மூட்டை தூக்கப் போக வேண்டாம். என் புத்தியெல்லாம் இப்போது அந்த ஒரு மிஷினில்தான் இருக்கிறது.

ஜூலை 19, சனி

இன்றைய வகுப்பில் அறக்கட்டளை ஞானதுரை சார் மூன்று பானை கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தேவை, ஆசை, வீண் என்று பெயர் ஒட்டியிருந்தது. செலவுகளைச் சீட்டில் எழுதி, எது எந்தப் பானைக்குள் போகும் என்று போடச் சொன்னார். பால், கரண்டு பில்லெல்லாம் தேவைக்குள் போயின. பூவை ஆசைக்குள் போட்டோம். என் கைக்கு வந்த சீட்டில் மொய் என்று இருந்தது. நான் யோசிக்காமல் தேவைப் பானைக்குள் போட்டேன். அவர் அதை இரண்டு விரலால் எடுத்து, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு, வீணுக்குள் போட்டார். பதின்மூன்று பேரும் சிரித்தார்கள். எல்லாம் என் தெருக்காரிகள்தான். குழுத் தலைவி என்று என்னைத்தான் போட்டிருக்கிறார்கள், சிரிப்புக்கும் நான்தான் கிடைத்தேன்.

"மத்தவங்க வீட்டுக் கறிச்சோத்துக்கு நீங்க கடன் வாங்குறீங்க. இதுக்குப் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

கோபமாக வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோது கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. பத்து வருஷத்தில் எத்தனை காதுகுத்து, எத்தனை சடங்கு, மொய் வாங்கவென்றே வைக்கிற வசந்த விழா எத்தனை! ஒவ்வொன்றுக்கும் தோட்டைக் கழற்றி அடகு வைத்து, போட்டவர்களுக்குப் போட்டதற்கு மேல் போட்டு, அவர்கள் நமக்கு அதற்கு மேல் போட்டு, இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறோம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மொய்ய நிறுத்துனா தெருவுல தலை காட்ட முடியாதுடி" என்றார். "தலைய எதுக்குக் காட்டணும், மொதல்ல வயித்தப் பாருங்க" என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஒச்சம்மா மதினி பத்திரிகை கொண்டுவந்தாள். எதிர் வீடு. அவளுடைய கடைசிப் பயல்கள் இரண்டு பேருக்கும் காதணி விழா, இருபத்து நாலாம் தேதி. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து முதல் பத்திரிகையை எனக்குத்தான் வைத்தாள்.

வருகிற மொய்யை வைத்துத் தகரத்தை எடுத்துவிட்டு கான்கிரீட் போடப் போகிறாளாம். போன மழைக்கு அவள் வீட்டில் பாய் மிதந்தது எனக்குத் தெரியும். என் மகள் சடங்குக்கு ஐயாயிரத்தொன்று எழுதியவள் அவள். முறைப்படி நான் ஆறாயிரத்தொன்று எழுத வேண்டும்.

"சோணமுத்து அண்ணே கறிய கடனுக்குத் தாறேன்னுட்டாரு. ஒங்க பதினாலு வீடே எனக்கு வரவேண்டியது எம்புட்டு இருக்கு! எனக்கென்னடி கவலை? நீ மட்டும் காலையிலயே வந்து முன்னாடி நிக்கணும், ஆமா" என்றாள்.

"நிக்காம எங்க போறேன் மதினி" என்றேன்.

இந்தத் திட்டத்தில் சேரச் சொல்லி நான் கெஞ்சினபோது அவள் சேரவில்லை. "வகுப்புக்கு வந்து சேமிக்கக் கத்துக்கணுமாக்கும்?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குழுக் கூட்டம். எல்லோர் வாயிலும் ஒச்சம்மா வீட்டு விசேஷம்தான். ஆளாளுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் திருப்பிச் செய்ய வேண்டும். அதையும் செய்து தவணையும் கட்டுவதென்றால் வட்டிக்குக் கொடுக்கிற தண்டல்காரனிடம்தான் போய் நிற்க வேண்டும். தண்டல் வாங்கினால் திட்டத்திலிருந்தே பெயரை அடித்துவிடுவார்கள்.

நான்தான் சொன்னேன். யார் வீட்டு விசேஷமானாலும் சரி, குழுவில் உள்ளவர்கள் நூற்றியொரு ரூபாய்க்கு மேல் மொய் எழுதக் கூடாது. ஒருத்தி மட்டும் குறைத்தால்தானே கேவலம், எல்லோரும் ஒன்றுபோல் எழுதினால் அது கொள்கை. எல்லோரும் கையைத் தூக்கினார்கள். பஞ்சவர்ணம் மட்டும் கொஞ்சம் இழுத்தாள். "ஒச்சம்மா அக்கா விசேஷம் முடியட்டும்க்கா, அதுக்கப்புறம் ஆரம்பிப்போமே" என்றாள். இப்படி ஒவ்வொரு விசேஷமாக முடியட்டும் முடியட்டும் என்றுதானே ஆயுசே முடிகிறது! சத்தம் போட்டேன். அவளும் கையைத் தூக்கினாள்.

ஞானதுரை சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சபாஷ்! ரிப்போர்ட்லயே எழுதப் போறேன் தவமணி" என்றார். யாரும் என்னை இதுவரை சபாஷ் என்று சொன்னதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பதினோராவது கட்டியாயிற்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

போய்விட்டு வந்துவிட்டேன். விடிகாலையிலேயே போக முடியவில்லை, மாவு வேலை இருந்தது. பத்து மணிக்கு மேல்தான் போனோம், பதினாலு பேரும் சேர்ந்து.

மொய் எழுதுகிற இடத்தில் மைக் கட்டியிருந்தார்கள். எழுதுகிறவர் என்னைப் பார்த்ததும், "ஆறாயிரத்து ஒண்ணுதானம்மா?" என்று கேட்டுக்கொண்டே எழுதப் போனார். "நூத்தியொண்ணு" என்றேன். அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்: தெற்குத் தெரு தவமணி பால்ச்சாமி, நூற்றியொன்று. பின்னாலேயே அடுத்தவள், நூற்றியொன்று. அதற்கடுத்தவள், நூற்றியொன்று. ஐந்தாவது பேருக்கு ஒச்சம்மாவின் வீட்டுக்காரர் வந்து மைக் வயரைப் பிடுங்கிவிட்டார்.

பந்தலில் அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்தார்கள். ஒச்சம்மா குழம்பு வாளியோடு பந்தியிலிருந்து வந்தாள். திட்டுவாள் என்று நினைத்து நானும் நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். அவள், "எலை காலியா இருக்கு, ஒக்காருங்க" என்றாள். அவ்வளவுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கடன் சொல்லி முந்நூறு பேருக்குக் கறி போடச் சொன்னது யார்? நானா? ஒரு சாம்பார் சாதத்தோடு முடித்திருக்கலாமே! மொய் வரும் மொய் வரும் என்று நம்பி இழுத்துவிட்டுக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். நான் சாப்பிட்டேனா இல்லையா என்பதெல்லாம் இந்த டைரிக்குத் தேவையில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஒச்சம்மா மாவு வாங்க வரவில்லை. நாலு நாளாயிற்று. கோதுமை தோசை சுடுகிறாளாம். சுடட்டும்.

ஆகஸ்ட் 30, சனி

எதிர் வீட்டு வாசலில் கறிக்கடை சோணமுத்து நின்று சத்தம் போட்டார். நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

சாயங்காலம் ஞானதுரை சாரும் அவர் வீட்டம்மாவும் தெருவுக்கு வந்தார்கள், கையில் பத்திரிகைக் கட்டு. தேனி ரோட்டில் வீடு கட்டியிருக்கிறார், நாலாம் தேதி கிரகப்பிரவேசம். பதினாலு பேருக்கும் தனித்தனியாகப் பத்திரிகை. "நீங்கள்லாம் இல்லாம என் வீட்டுல விசேஷமா?" என்றார்.

அவர் போனதும் தெருவே கூடிவிட்டது. மொய் உண்டா இல்லையா என்று பஞ்சவர்ணம் கேட்டாள். "கொஞ்சமாச்சும் அறிவு வேணாமா? மொய் வீணுன்னு நமக்கே பாடம் நடத்துற மனுசன் மொய் வாங்குவாரா?" என்று கத்தினேன். ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு ஒரு எவர்சில்வர் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போவதாக முடிவு.

செப்டம்பர் 4, வியாழன்

வாங்கினார்.

கேட்டைத் தாண்டியதும் சந்தனம், கற்கண்டு. அதற்குப் பக்கத்திலேயே மேஜை, நோட்டு, பேனா, மொய் எழுத இரண்டு பேர். காசு கொண்டுவராதவர்களுக்குப் போனில் அனுப்புகிற அட்டையை வேறு சட்டம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். வீண் பானையை எங்கே வைத்திருக்கிறார் என்று நான் சுற்றும் முற்றும் தேடினேன்.

குத்துவிளக்கை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகவும் முடியவில்லை. அவர் மேஜை அருகிலேயே பட்டுச் சட்டையில் நின்றுகொண்டு, "இவங்கதான் எங்க குழுத் தலைவி" என்று யாரோ பேண்ட் போட்டவரிடம் என்னைக் காட்டினார். எழுதுகிறவர் என் முகத்தையே பார்த்தார். பையில் தவணைக்கென்று வைத்திருந்த ஆயிரம், இரண்டு ஐநூறாக இருந்தது. ஒன்றை எடுத்து வைத்தேன். அவ்வளவு பெரிய மனிதர்கள் நடுவில், தலைவி என்று சொன்ன பிறகு, நூற்றியொன்றா எழுத முடியும்? சனிக்கிழமை மெஸ்காரர் மாவுப் பணம் தருவார், ஈடு கட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்கள் ஆளுக்கு இருநூறு எழுதினார்கள்.

கேசரி, வடை, பொங்கல். வடை நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

செப்டம்பர் 6, சனி

மெஸ் பூட்டியிருக்கிறது. மெஸ்காரரின் மாமனார் இறந்துவிட்டாராம், குடும்பத்தோடு ராமநாதபுரம் போயிருக்கிறார். பதினோராம் தேதிதான் வருவாராம். சாகிறவர்கள் பத்தாம் தேதி பார்த்தா சாவார்கள்? அதையும் திட்ட முடியவில்லை.

செப்டம்பர் 10, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

காலையில் என் கையில் இருந்தது ஐநூறு. தோடு பழைய அடகிலேயே கிடக்கிறது. இன்னும் ஐநூறு வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்குள். இவருக்குப் போன் போட்டால் குமுளி எஸ்டேட்டில் டவர் இல்லை. குழுக்காரிகள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். தவணை கட்டிவிட்டோம், கையில் இல்லை என்று எட்டுப் பேர் சொன்னார்கள். மூன்று பேர் கதவைத் திறக்கவில்லை. இன்னொருத்தி, கணவரைக் கேட்க வேண்டும் என்றாள். பஞ்சவர்ணத்திடம் இருந்தது, எனக்குத் தெரியும். அவள், "கைமாத்து குடுக்குறதும் வாங்குறதும் குடும்பத்தக் கெடுக்கும்னு வகுப்புல சொன்னாங்கள்லக்கா. நீயும்தான தலையாட்டுன" என்றாள். அவளை அறைந்திருப்பேன். ஆனால் நான் தலையாட்டியது உண்மை.

கடைசியில் கால் தானாக எதிர் வீட்டுக்குப் போனது. எனக்கு எந்தக் காலத்திலும், என்ன ஏது என்று கேட்காமல், முந்தானையில் முடிந்து வைத்ததை அவிழ்த்துக் கொடுக்கிறவள் ஒருத்திதான். கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஒனக்குத் தெரியாதா? அவுக திருப்பூரு போயி ஒரு வாரமாச்சே. பயலுகளையும் கூட்டிட்டுப் போயிட்டாக. பனியன் கம்பெனியில வேலை பாத்து கறிக்கடனக் கட்டணும்ல" என்றாள்.

எதிர் வீடு. ஒரு வாரம். எனக்குத் தெரியாது.

அப்படியே அறக்கட்டளை ஆபீசுக்குப் போனேன். ஐநூறை மேஜையில் வைத்து, "மிச்சத்த நாளைக்குக் கட்டிர்றேன் சார்" என்றேன்.

ஞானதுரை சார் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்மா. ஆயிரம் முழுசா இல்லேன்னா கம்ப்யூட்டரே எடுக்காது. ஒழுங்கு வரணும்னுதான் இந்தத் திட்டமே."

"சார், அந்த ஐநூறு ஒங்க வீட்டு மொய்யிலதான் சார் இருக்கு."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் கேட்டேனாம்மா? அது நீங்க ஆசைப்பட்டுச் செஞ்சது."

"நான் செஞ்சதுதான். இப்ப அதக் குடுங்க. என் பன்னெண்டாயிரம் போகுது."

"புதுவீட்டு மொய்யத் திருப்பிக் குடுக்குறதாவது? வீட்டுக்கு ஆகாதும்மா. எழுதி வச்சிருக்கேன். ஒங்க வீட்டு விசேஷத்துக்குச் சொல்லுங்க, நானே வந்து மேல சேத்து செஞ்சிர்றேன்."

நான் சத்தம் போட்டேன். ஆபீசில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன். எங்களுக்கு வீண், உமக்குத் தேவையா? எங்கள் மொய் சேறு, உம்முடைய மொய் சந்தனமா? எங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்ததை வெட்டிவிட்டீரே, வெட்டின இடத்தில் நீர் எதை வைத்தீர்? என்னென்னவோ கேட்டேன். அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். ஐந்து மணி ஆகிவிட்டது.

செப்டம்பர் 11, வியாழன்

மெஸ்காரர் வந்துவிட்டார். பாக்கி இரண்டாயிரத்து நானூறைக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒச்சம்மா கடனை அடைக்க வேண்டும் என்று கூட்டம் போட்டேன். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி குடத்தை வைத்துவிட்டு வருகிறேன் என்று போனவள் வரவே இல்லை.

செப்டம்பர் 27, சனி

அறக்கட்டளை விழா. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். என் காசுக்கான செக்கை அங்கேதான் தருவார்கள் என்றதால் போனேன். பதின்மூன்று பேருக்கும் சாமான் கொடுத்தார்கள். பஞ்சவர்ணத்துக்குத் தையல் மிஷின். நன்றாக இருக்கட்டும், அவள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. எனக்குப் பங்கேற்றதற்கு ஒரு சான்றிதழும் தண்ணீர் பாட்டிலும்.

மதுரையிலிருந்து வந்த மேடம் ரிப்போர்ட் வாசித்தார். இந்தக் குழுவில் ஒரே வருஷத்தில் மொய்ச் செலவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறதாம். மாற்றம் என்றால் இதுதான் மாற்றமாம். எல்லோரும் கை தட்டினார்கள். எங்கே குறைந்தது, யார் கூரையிலிருந்து குறைந்தது, அந்த வீட்டில் இப்போது விளக்கு எரிகிறதா என்று அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி இல்லை. எழுந்து கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தத் தீர்மானம் யார் போட்டது என்று மேடையிலிருந்து யாராவது திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

செக்கை மாற்றினேன். பதினோராயிரம். நேராகச் சோணமுத்து கடைக்குப் போனேன். ஒச்சம்மா கணக்கில் இன்னும் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டேன். பதினோராயிரத்து முந்நூறு என்றார். நான் செய்ய வேண்டியது ஆறாயிரத்தொன்று. அதை எண்ணி வைத்தேன். மிச்சம் கையில் இருந்தது. பழைய கிரைண்டருக்கு மோட்டார் மாற்றலாம், அல்லது புதுசுக்கு முன்பணமாகக் கட்டலாம்.

கறிக்கடையில் கூட்டமாக இருந்தது. ரொம்ப நேரம் நின்றேன். பிறகு மிச்சத்தையும் வைத்து, மேலே முந்நூறும் வைத்துவிட்டு வந்தேன். பணம் கையில் இருந்தால் செலவாகிவிடும். அதனால்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

பக்கத்து வீட்டில் நம்பர் வாங்கி ஒச்சம்மாவுக்குப் போன் போட்டேன். மூன்று தடவை அடித்து நின்றது. நாலாவது தடவை எடுத்தாள். பின்னால் மிஷின் சத்தம் காதை அடைத்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை போலிருக்கிறது.

"நான்தான் மதினி, தவமணி."

"தெரியுது. சொல்லு."

சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "சோணமுத்து அண்ணே கணக்கு முடிஞ்சிருச்சு மதினி" என்றேன்.

"அந்தண்ணே போன் போட்டாரு. நீதான் கட்டுனன்னாரு. அம்புட்டுக் காசு ஏதுடி ஒனக்கு?"

"பதினாலு பேரும் சேந்து போட்டோம்."

யாரோ அவளை வேலைக்குக் கூப்பிட்டது கேட்டது. இந்தா வாறேன் என்றாள் அவர்களிடம். பிறகு என்னிடம் கேட்டாள்:

"அந்தக் கெரண்டரு வாங்கிட்டியா?"

பந்தலில் அவள் மானம் போனது இதற்காக. மைக் வயரைப் பிடுங்கியது இதற்காக. தெருவே பார்க்க ஒரு கறிக்கடைக்காரரிடம் அவள் பேச்சு வாங்கியதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனதும் இதற்காக. இல்லை மதினி, ஐநூறு ரூபாய் குறைந்ததால் அதுவும் போய்விட்டது, அந்த ஐநூறை நான் அந்த ஆளுக்கு மொய்யாக எழுதினேன் என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் அவள் பட்டது எல்லாம் ஒன்றுக்கும் இல்லாமல் போய்விடுமே.

"வாங்கிட்டேன் மதினி. பத்து லிட்டரு."

"நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுது. சத்தமே இல்ல."

"சரி. யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுல்ல" என்றாள். "கரண்டு போச்சுன்னா சுச்ச அமத்திப் போடு, மோட்டாரு போயிரும். வச்சிர்றேன், சூப்பரைசரு வாறான்."

போனை வைத்துவிட்டேன். மெஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டிய மாவு இன்னும் பாதி கிடந்தது. இரண்டு லிட்டர் கிரைண்டர் ஆறட்டும் என்று விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.